கொல்லிமலைக்கு ஒரு வேன் பிள்ளைகள்

பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’. வீட்டுப் பிள்ளை அதை அப்பாவிடம் நீட்டும், கொஞ்சம் கெஞ்சும், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடும். காப்பகத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கட்டம் அவ்வளவு சுலபத்தில் நிரம்பாது. நாமக்கல் பக்கம் கொல்லிமலையும் சேலம் பக்கம் சேர்வராயன் மலையும் மொட்டை மாடியில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். தெரிகிற மலையில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? அழைத்துப் போக மனமுள்ளவர்களும் இந்த ஊர்களில் நிறையப் பேர் உண்டு. எப்படிப் போவது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

முதலில் அந்தக் கையெழுத்து. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவர்கள். மாவட்டத்தில் அவர்களுக்குப் பொறுப்பு குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆகவே நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வேன் பிடித்து இல்லத்து வாசலில் போய் நின்றால் பிள்ளைகளை அனுப்பிவிட மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. இல்லத்தின் கண்காணிப்பாளர் வழியாகக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுதி, யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், இல்லத்துப் பணியாளர் எத்தனை பேர் கூட வருகிறார்கள் என்பதையெல்லாம் காட்டி அனுமதி வாங்குவதே முறை. அலைச்சலாகத் தோன்றும். யார் வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம் என்றிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தால் அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

இதே சட்டத்தின்கீழ் 2016இல் வந்த மாதிரி விதிகளில் இல்லப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. விளையாட்டு, இசை, நூலகம், தோட்டவேலை ஆகியவற்றோடு வெளியூர் உலாவும் அதில் வருகிறது. எனவே, மலைக்குக் கூட்டிப் போகிறவர் தானம் செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சேரவேண்டியதில் ஒரு பங்கு அது.

‘அநாதை’ என்ற சொல்லையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இல்லங்களில் இருப்பவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவர் இருக்கிறார். அப்பா தவறிப்போயிருப்பார், அம்மா கோழிப்பண்ணையிலோ விசைத்தறியிலோ கூலிக்குப் போய்க்கொண்டிருப்பார். அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமும் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். பொங்கல் லீவில் இந்தப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். போக ஊரே இல்லாத சிலர் மட்டும் காலியான கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டு மிஞ்சுவார்கள். முகாமுக்கு அதைவிடப் பொருத்தமான நாட்கள் கிடையாது.

ஜனவரி வேறு காரணத்துக்கும் நல்லது. வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையை நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது நினைவிருக்கும். பிப்ரவரி தாண்டினால் காடு காய ஆரம்பித்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள்; இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கூடாரம் அடிப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். காட்டுக்குள் நெருப்பும் வேண்டாம். தெரிந்தவர் காபித் தோட்டமோ பள்ளி மைதானமோ போதும். கூடாரத்துக்குள் படுக்கும் பிள்ளைக்கு அதுவே காடு.

இனி பாதை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. பத்தாவது வளைவிலேயே வேனில் சத்தம் அடங்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கை அசையாமல் இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு சுழல்கிறது என்கிறது. மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. காலையில் பூரிக்கிழங்கு கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். குமட்டல் வரும் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துத் தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் சொல்லி இருபது வளைவுக்கு ஒருமுறை, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வாந்தி எடுத்த பிள்ளையை யாரும் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பிள்ளை மறக்காதது அந்தக் கிண்டலாகத்தான் இருக்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். நாமக்கல் வெயிலில் பழகிய உடம்புக்குக் கொல்லிமலையின் ஜனவரி இரவு நடுக்கும். ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு குல்லா, மாற்றுச் சட்டை கட்டாயம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது துள்ளிக்கொண்டு போகும் ஏழு வயசுப் பிள்ளை, ஏறும்போது உங்கள் தோளில்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மாசிலா அருவி போதும்.

என்னைக் கேட்டால், முகாமின் கடினமான பகுதி இரவுதான். வீட்டை இழந்த பிள்ளைகள் பலர் பத்து வயதிலும் படுக்கையை நனைப்பார்கள். புது இடத்தில், குளிரில் அது கூடும். கூடுதலாக நாலு விரிப்பு எடுத்துப் போய், விடிவதற்கு முன்னால் பேச்சில்லாமல் மாற்றிவிடும் ஒருவர் வேண்டும். அவர் பிள்ளைகளுக்குப் பழகிய இல்லத்து அக்காவாக இருக்க வேண்டும். இருட்டில் ஒரு பிள்ளை திடீரென்று அழுதால் காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தன்னார்வலர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது; எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். தவறாக ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே 1098க்கு அழைக்க வேண்டும்.

அடுத்தது படம். நன்கொடையாளர் பெயர் போட்ட பேனருக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படம், வேன் மலையிறங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், பள்ளி, படம் என எதையும் அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாளை வகுப்பில் ஒருவன் அந்தப் படத்தைக் காட்டி “இது நீதானே?” என்று கேட்பான். அந்தப் பிள்ளை அப்போது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்? பேனர் வேண்டவே வேண்டாம். படம் எடுத்தால் தாளில் அச்சிட்டு, பிள்ளையின் கையில் கொடுங்கள். கைக்குழந்தைப் படம்கூட இல்லாத பிள்ளைகள் அவர்களில் உண்டு.

பிள்ளைகளை இப்படி மலைக்கு அழைத்துப் போவது புதிதும் அல்ல. 1876இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரப் பாதிரியார் ஒருவர், வால்டர் பியோன், 68 ஏழைப் பிள்ளைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்கு விடுமுறைக்கு அழைத்துப் போனார். ஐரோப்பாவில் பரவிய விடுமுறை முகாம்களுக்கு அதுவே முன்னோடி. நல்ல காற்று, வயிறாரச் சோறு, கூடவே அக்கறையுள்ள பெரியவர்கள். அவர் கொடுத்தது இவ்வளவுதான். நமக்கு மலை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

இல்லத்தில் பாதிப் பொருட்கள் பொதுவானவை. தட்டு, வாளி, பாய், சில இடங்களில் துணிகூட. அதனால் புறப்படும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்ன டார்ச் ஒன்று வாங்கி, அதன்மேல் தன் பெயரை அந்தப் பிள்ளையையே எழுதவிடுங்கள். கூடாரத்துக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அதைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். பேட்டரி தீரட்டும், விடுங்கள். மலையிறங்கி வந்ததும் எண்ணிப் பார்த்துத் திருப்பி வாங்கி வைத்துவிடாதீர்கள்.