கோழித் தீவனமும் கடைசி மருந்தும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் கோழிக்கறி வாங்கிச் செல்வது நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாள் ஒன்றாக அமர்ந்து உண்பது நல்லதே. அதனைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஆயினும், அக்கறியோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் நம் இல்லம் புகக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

1928-ஆம் ஆண்டு பென்சிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அவர் எச்சரித்தார்: மருந்தைப் போதாத அளவில் கொடுத்தால் கிருமிகள் சாவதில்லை, அதனை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும்.

உலகம் செவிமடுக்கவில்லை. தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்து கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைந்து எடை கூடும் என்பது அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது. நோயற்ற குஞ்சுகளுக்கும் அன்றாடம் மருந்து ஊட்டப்பட்டது. எளிய கிருமிகள் மடிந்தன. மருந்தை வென்றவை பெருகின. கோழியை அறுக்கும்போது குடலிலுள்ள கிருமிகள் இறைச்சியில் படிகின்றன. அவை நம் உடலில் குடியேறிப் பின்னொரு நாள் நோயாக எழுமாயின், வழக்கமான மருந்து பலனளிக்காது.

கொலிஸ்டின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மருத்துவர்கள் ஒருகாலத்தில் அதனை ஒதுக்கி வைத்தனர். இன்றோ, பிற மருந்துகள் தோற்றபின் உயிருக்குப் போராடுவோர்க்கு எஞ்சியிருக்கும் கடைசி மருந்துகளுள் அதுவும் ஒன்று. அதனையே கோழிக்கும் பன்றிக்கும் ஊட்டினர். கொலிஸ்டினை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது என்பதைச் சீன அறிவியலாளர் 2015-இல் வெளியிட்டனர். கடையில் விற்கும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அத்தகைய கிருமிகள் காணப்பட்டன. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கப்படும் உயிரினங்களுக்கு அம்மருந்தைத் தடை செய்தது.

நோயுற்ற உயிருக்கு மருந்தளிப்பது இரக்கம். இலாபத்திற்காக நலமான குஞ்சுக்கு ஊட்டுவதோ, நாளை நோயுறும் ஒரு குழந்தைக்கு உரியதைப் பறிப்பது. ஏழாம் கட்டளை பணப்பெட்டியை மட்டும் காப்பதன்று. பண்ணை நடத்தும் அன்பர்கள் தூய்மை, காற்றோட்டம், தடுப்பூசி ஆகியவற்றை நம்பட்டும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் மருந்தைத் தொடாதிருக்கட்டும். மருத்துவரைக் காணாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் நாமும் அதே பிழையையே செய்கிறோம்.

சமையலறையிலும் விழிப்பு வேண்டும். பச்சைக் கறியைக் குழாயடியில் நீர் தெறிக்கக் கழுவாதீர்கள். கிருமிகளும் உடன் தெறிக்கும். கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் வெங்காயமோ தக்காளியோ நறுக்கலாகாது. கைகளையும் அவ்வாறே கழுவுங்கள். கறி உட்புறம் வரை நன்றாக வேகட்டும். மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும்.

வரும் ஞாயிறன்று உணவுக்குமுன் செபிக்கையில், மருந்தை நம்பிப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும் நினைவுகூர்வோம். அம்மருந்தின் ஆற்றலைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.