13 வயதில் பிடித்த கை, 31 வயதில் கிடைத்த தங்கம்... ஐஸ் மேடையில் ஷென் ஷுயே!

பிப்ரவரி 14, 2010. கனடாவின் வான்கூவர் நகரம். உலகமே காதலர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் சீனப் புத்தாண்டும் அதே நாளில்தான் பிறந்தது. அன்று மாலை குளிர்கால ஒலிம்பிக்கின் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி தொடங்கியது. முதல் ஜோடியாக ஐஸில் இறங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவருக்கு வயது 36, அவளுக்கு 31.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முதல் ஆளாக இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள். பின்னால் வரப்போகிறவர்களை மனதில் வைத்து நடுவர்கள் மதிப்பெண்ணில் கொஞ்சம் கையை இறுக்குவார்கள் என்ற பயம் அந்த விளையாட்டில் பல காலமாக உண்டு. குலுக்கலில் அந்த இடம்தான் இவர்களுக்கு விழுந்தது. ஆடி முடித்தார்கள். பலகையில் 76.66 என்று ஒளிர்ந்தது. ஷார்ட் புரோகிராமில் அதுவரை எந்த ஜோடியும் எடுக்காத மதிப்பெண்!

அந்தப் பெண்ணின் பெயர் ஷென் ஷுயே. சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். அதனால் 'ஷுயே' என்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். அதன் பொருள், பனி!

தூக்கி எறிவார்... இறங்குவது உன் பாடு!

ஷுயே பிறந்தது 1978-ல், சீனாவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஹார்பின் நகரத்தில். ஆறு உறைந்துபோகும் ஊர். ஆண்டுதோறும் பனிக்கட்டியில் கோபுரங்களும் மாளிகைகளும் செதுக்கித் திருவிழா நடத்துவார்கள். அதே ஊர்க்காரரான ஜாவோ ஹாங்போவுடன் 1992-ல் அவர் ஜோடி சேர்ந்தபோது ஷுயேவுக்கு 13 வயது. ஜாவோ ஐந்து வயது மூத்தவர். அப்போது காதல், கல்யாணம் எதுவும் கிடையாது. பயிற்சியாளர் சேர்த்துவைத்த கூட்டாளிகள், அவ்வளவுதான்.

ஜோடி ஸ்கேட்டிங் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சுமார் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள ஐஸ் தளம். காலில் மெல்லிய இரும்பு பிளேடு. வேகமாகப் போய்க்கொண்டே ஆண், பெண்ணை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். இன்னொரு வித்தையில் அவளைக் காற்றில் சுழற்றிவிட்டுத் திரும்பப் பிடிப்பார். இவை இரண்டிலும் அவர் பிடித்துக்கொள்வார். 'த்ரோ ஜம்ப்' அப்படியல்ல. இடுப்பைப் பிடித்து எறிவதோடு அவர் வேலை முடிந்தது. காற்றில் மூன்று சுற்று சுற்றி, பின்பக்கமாக, ஒற்றைக் காலில் இறங்க வேண்டியது அவள்.

இந்த விளையாட்டில் எலும்பு முறிவதும் கணுக்கால் வீங்குவதும் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஷுயேவின் பெயரை உலகம் முதலில் கவனித்ததே இந்த த்ரோ ஜம்ப்பால்தான். மற்ற ஜோடிகளைவிட உயரமாக, தூரமாகப் போய்ச் சத்தமே இல்லாமல் இறங்குவார்.

சிரித்தது ஒரு அரங்கம்

ஷுயேவின் கதையைச் சொல்லும்போது அவருடைய பயிற்சியாளர் யாவ் பின்னைத் தாண்டிப் போக முடியாது. 1980-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் சீனாவின் சார்பில் ஆடிய ஜோடி, யாவ் பின் - லுவான் போ. அப்போது சீனாவில் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ள வீடியோவும் இல்லை. வெளிநாட்டு ஜோடிகளின் புகைப்படங்களைப் பார்த்து, இந்த நிலைக்கு எப்படி வந்திருப்பார்கள், இதிலிருந்து எப்படி வெளியே போயிருப்பார்கள் என்று தாங்களாகவே ஊகித்துப் பழகியிருந்தார்கள். டார்ட்மண்டில் அவர்கள் ஆடியபோது கூட்டம் சிரித்தது. கடைசி இடம். நான்கு வருடம் கழித்து சரயேவோ ஒலிம்பிக்கிலும் கடைசி இடம்தான்.

அந்த யாவ் பின்தான் ஊருக்குத் திரும்பிப் பயிற்சியாளர் ஆனார். ஷுயேவையும் ஜாவோவையும் உருவாக்கினார். 1994 உலக சாம்பியன்ஷிப்பில் இந்த ஜோடிக்கு 21-வது இடம். 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம். அடுத்த வருடமே ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. ஜோடிப் பிரிவில் சீனாவின் முதல் உலகப் பதக்கம் அது.

2002, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். அந்தப் போட்டியைப் பலரும் நினைவில் வைத்திருப்பது நடுவர் ஊழலுக்காக. ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கொடுத்துவிட்டு, சர்ச்சை வெடித்ததும் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். மதிப்பெண் முறையே மாறியதற்கு அந்த இரவுதான் காரணம். அந்தக் கலவரத்துக்கு நடுவே வெண்கலம் வென்றவர்களை யார் கவனிப்பார்கள்? ஆனால் ஷுயே அன்று செய்யத் துணிந்தது சாதாரணம் அல்ல. அதுவரை சர்வதேசப் போட்டியில் எந்தப் பெண்ணும் சரியாக இறங்கியிராத நான்கு சுற்று த்ரோ ஜம்ப்பை முயன்றார். விழுந்தார். எழுந்து மீதியை ஆடி முடித்தார். ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் சீனாவுக்கு முதல் பதக்கம் வந்தது அப்படித்தான்.

ஒரே மாதத்தில் உலக சாம்பியன்ஷிப். இடம், நான்கு வருடம் முன்பு ஐந்தாவதாக வந்த அதே நாகானோ. இந்தமுறை தங்கம்.

வலி தெரியாத கால்

அடுத்த வருடம் வாஷிங்டன். பட்டத்தைத் தக்கவைக்க வேண்டிய போட்டி. அதற்கு முன்பு த்ரோ ஜம்ப் பயிற்சியில் ஷுயேவுக்குக் காலில் காயம். போட்டியிலிருந்து விலகிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. வலி தெரியாமல் இருக்க மருந்து போட்டுக்கொண்டு இறங்கினார். பிளேடின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்பதைப் பாதம் உணர்ந்தால்தான் ஸ்கேட்டிங்கே. அந்தக் காலோடு 'துரன்டோட்' இசைக்கு ஆடி, த்ரோ ஜம்ப்களில் இறங்கினார். அரங்கம் எழுந்து நின்றது. பழைய மதிப்பெண் முறையில் உச்சம் 6.0. அதைச் சில நடுவர்கள் இவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது உலகப் பட்டம்.

இந்த ஆட்டத்தை வீரம் என்று கொண்டாடாத விளையாட்டுப் பக்கம் இல்லை. வீரம்தான். ஆனால் காயம்பட்ட காலில் மருந்து போட்டு ஆடுவதை இன்றைய பெற்றோர் ஒருவர் அவ்வளவு எளிதாகக் கைதட்டிப் பார்க்க முடியுமா என்ற கேள்வியும் கூடவே எழாமல் இல்லை.

2004-ல் உலக சாம்பியன்ஷிப் மறுபடி டார்ட்மண்டுக்கு வந்தது. யாவ் பின்னைப் பார்த்துக் கூட்டம் சிரித்த அதே ஊர். 24 வருடம் கழித்து அங்கே பதக்க மேடையில் ஷுயே - ஜாவோ வெள்ளியோடும், இன்னொரு சீன ஜோடியான பாங் சிங் - டோங் ஜியான் வெண்கலத்தோடும் நின்றார்கள். இரண்டு ஜோடிகளுக்கும் பயிற்சியாளர் ஒருவரே.

அவர் நரம்பு, அவள் வாழ்க்கை

ஆகஸ்ட் 2005. ஒலிம்பிக்குக்கு ஆறு மாதம்தான் இருந்தது. பயிற்சியில் ஜாவோவின் குதிகால் நாண் அறுந்தது. கணுக்காலுக்குப் பின்னால் கயிறு மாதிரி ஓடும் அந்த நாண் இல்லாமல் நடக்கவே தடுமாற வேண்டும். அறுவை சிகிச்சை நடந்தது.

தனியாக ஆடும் வீராங்கனைக்குத் தன் உடம்பு மட்டும்தான் கவலை. ஜோடியில் அப்படி இல்லை. ஷுயேவின் கால் நன்றாக இருந்தது, உடம்பு தயாராக இருந்தது. ஆனாலும் அவருடைய ஒலிம்பிக் ஜாவோவின் குதிகாலில் இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவருடைய காலை நம்பி ஜாவோ காத்திருந்தார். இப்போது முறை மாறியது. 2006 பிப்ரவரியில் இத்தாலியின் டுரின் ஒலிம்பிக்கில் இருவரும் இறங்கினார்கள். வெண்கலம். வெள்ளி வென்றதும் நான்காவதாக வந்ததும்கூட சீன ஜோடிகள்தான். தங்கம் மட்டும் வழக்கம்போல ரஷ்யாவுக்கு. 1964-லிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்தப் பிரிவின் தங்கம் சோவியத் யூனியனுக்கோ, அதன் வழிவந்த அணிகளுக்கோதான் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 12 ஒலிம்பிக்!

2007 மார்ச், டோக்கியோ. மூன்றாவது முறையாக உலக சாம்பியன். ஆட்டம் முடிந்து அரங்கம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே ஜாவோ ஐஸின் மேல் ஒற்றை முழங்காலில் அமர்ந்தார். 15 வருடக் கூட்டாளியிடம், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா?" என்று கேட்டார். ஷுயே சம்மதித்தார். அந்த வருடமே திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். போட்டிகளை விட்டு விலகி, ஐஸ் ஷோக்களில் ஆடத் தொடங்கினார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள்.

மறுபடியும் ஏன்?

கையில் மூன்று உலகப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்கள். கல்யாணமும் ஆகிவிட்டது. இந்த வயதில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கும் ஆண்களும் குறைவு, தூக்கி எறியப்பட்டு ஒற்றைக் காலில் இறங்கும் பெண்களும் குறைவு. ஆனாலும் 2009-ல் திரும்பி வந்தார்கள். வீட்டில் இல்லாத ஒரே ஒரு பொருளுக்காக!

அந்த சீஸனில் கலந்துகொண்ட இரண்டு கிராண்ட் ப்ரீ போட்டிகளையும் வென்றார்கள். டோக்கியோவில் நடந்த கிராண்ட் ப்ரீ இறுதியும் அவர்களுக்கே. அது இவர்களின் ஆறாவது கிராண்ட் ப்ரீ இறுதிப் பட்டம்.

பிப்ரவரி 15, 2010. வான்கூவரில் ஃப்ரீ ஸ்கேட். ஆல்பினோனியின் பெயரில் அறியப்படும் அடாஜியோ இசை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், ஒரு தூக்கலின்போது ஷுயேவின் உடல் தடுமாறியது. பார்த்தவர்களுக்கு ஒரு நொடி மூச்சு நின்றிருக்கும். ஜாவோ சமாளித்து இறக்கிவிட்டார். மீதி ஆட்டத்தில் பிசகில்லை.

மதிப்பெண் 139.91. அன்றைய ஃப்ரீ ஸ்கேட்டில் அது முதலிடம்கூட இல்லை. பாங் சிங் - டோங் ஜியான் ஜோடி 141.81 எடுத்து அன்று முதலிடம் பிடித்தது. கைகொடுத்தது முந்தைய நாளின் 76.66. கூட்டினால் 216.57. பாங் - டோங் 213.31 உடன் வெள்ளி. ஜெர்மனியின் சாவ்சென்கோ - சோல்கோவி 210.60 உடன் வெண்கலம். ரஷ்ய ஜோடிக்கு நான்காவது இடம்தான். 46 வருடச் சங்கிலி அன்று அறுந்தது.

முதலிரண்டு இடங்களையும் பிடித்தவர்கள் யாவ் பின்னின் மாணவர்கள். புகைப்படம் பார்த்துப் பழகியவரின் மாணவர்கள்.

ஒரு பின்கதை

அந்த ஒலிம்பிக்கோடு இருவரும் போட்டிகளிலிருந்து நிரந்தரமாக விலகினார்கள். 2013-ல் மகள் பிறந்தாள். 2018-ல் ஷுயே சீன ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவர் ஆனார். ஜாவோ பயிற்சியாளர் ஆனார். அவரிடம் வந்து சேர்ந்தது சுய் வென்ஜிங் - ஹான் சோங் என்ற இளம் ஜோடி. அவர்களும் ஹார்பின்காரர்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அவர்கள் தங்கத்தைத் தவறவிட்டது வெறும் 0.43 மதிப்பெண்ணில். 2022-ல் சொந்த நாட்டில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 0.63 மதிப்பெண் வித்தியாசத்தில் ரஷ்யர்களை முந்தித் தங்கம் வென்றார்கள். ஜோடிப் பிரிவில் சீனாவின் இரண்டாவது தங்கம்.

சிறுவயதில் அந்த இருவரையும் ஜோடி சேர்த்துப் பழக்கியவர் லுவான் போ. 1980-ல் டார்ட்மண்டில், சிரிக்கும் கூட்டத்துக்கு நடுவே யாவ் பின்னின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிய அதே பெண்.