அறத்தை எண்ணும் கணினி: ‘அல்டிமா 4’ விளையாட்டில் அவதாரமும் பணிவும்

முன்னுரை

கணினி விளையாட்டுகளில் சமயம் பெரும்பாலும் பின்புலமாகவே நிற்கிறது. கோயிலும் மந்திரமும் அரக்கனும் இடம்பெற்றாலும், ஆடுபவரின் வேலை வெல்வது மட்டுமே. இவ்வழக்கிலிருந்து விலகிய முன்னோடி, ரிச்சர்ட் கேரியட் வடிவமைத்து 1985இல் அமெரிக்காவில் வெளியான ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’. இதன் முந்தைய பகுதிகளில் கடைகளில் திருடியும் ஊராரைக் கொன்றும் வெல்ல இயன்றது. நான்காம் பகுதியிலோ கொன்று முடிக்க வேண்டிய இறுதிப் பகைவன் இல்லை. எட்டு அறங்களில் நிறைவெய்தி ‘அவதார்’ ஆவதே இலக்கு. அறத்தை எண்ணிக்கையாக்கும் இம்முயற்சி எங்கே இடறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அறங்களின் அமைப்பு

உண்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று மூலங்களிலிருந்து அறங்கள் பிறக்கின்றன. நேர்மை உண்மையினின்றும், இரக்கம் அன்பினின்றும், வீரம் துணிவினின்றும் தோன்றும். உண்மையும் அன்பும் கூடின் நீதி; அன்பும் துணிவும் கூடின் தியாகம்; உண்மையும் துணிவும் கூடின் மானம்; மூன்றும் கூடின் ஆன்மிகம். எட்டாவதாகிய பணிவுக்கு மட்டும் மூலம் ஏதுமில்லை. ஆன்மிகத்தின் திருத்தலத்தில் தியானிக்க ‘ஓம்’ என்பதே மந்திரம். ஆயினும் வைணவ மரபில் அவதாரம் என்பது இறைவன் இறங்கி வருதல். இங்கோ மனிதன் ஏறிச் செல்கிறான். சொல் இந்திய மரபினது, பொருளின் திசை தலைகீழானது.

மறைந்திருக்கும் கணக்கு

ஒவ்வொரு செயலையும் நிரல் திரைக்குப் பின்னே எண்ணிக்கொண்டிருக்கிறது. பார்வையற்ற மூலிகை வணிகரிடம் குறைத்துக் கொடுத்தால் நேர்மை குறையும். தீய உயிரியிடமிருந்து புறமுதுகிட்டால் வீரம் குறையும். குருதிக்கொடை அளித்தால் தியாகம் கூடும். எண்கள் ஆடுபவருக்குக் காட்டப்படுவதில்லை. அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்னும் ஞானியிடம் கேட்டால் நிலையைச் சொற்களால் உணர்த்துவார். 2003இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ நன்மை தீமையின் அளவைத் திரையிலேயே காட்டியது. அதனினும் இம்மறைப்பு நுட்பமானது என்பது என் கருத்து.

வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் ஆடப்படும் பரமபத சோபான படத்திலும் அறம் ஏணியாகவும் மறம் பாம்பாகவும் அமைகின்றன. ஆனால் அங்கே ஏற்றுவதும் இறக்குவதும் தாயக்கட்டை. ஆடுபவர் எதையும் தேர்வதில்லை. அல்டிமாவில் தேர்வு உண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு.

பணிவு எனும் சிக்கல்

எனினும் நிரல் செயலை மட்டுமே அறியும், உள்நோக்கத்தை அறியாது. இரவலருக்கு ஒரே ஒரு பொற்காசு ஈந்தாலும் இரக்கம் ஏறும். இரங்கி ஈந்தாரா, எண்ணிக்கைக்காக ஈந்தாரா என்பதற்கு அதில் இடமில்லை. பணிவில் இச்சிக்கல் முற்றுகிறது. ஊரார் சிலர் தற்பெருமையைத் தூண்டும் வினா எழுப்புவர். ‘இல்லை’ என்று விடையளித்தால் பணிவு கூடும். இதனை அறிந்தவர் செருக்கோடே ‘இல்லை’ என்று தட்டச்சு செய்து பணிவில் நிறைவெய்தலாம்.

வடிவமைப்பாளர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் எனக் கொள்ள இடமுண்டு. பணிவுக்குரிய ஊராகிய மஜின்சியா செருக்கால் அழிந்து ஆவிகள் உலவும் பாழூர். அங்கே தொடங்கும் ஆட்டக்காரர், விளையாட்டின் எட்டு வகைத் தொழிலினருள் வலிமை மிகக் குறைந்த ஆட்டிடையர். எண்ணால் அளக்க இயலாத பணிவைக் கதை, ஆடுபவரின் வலுவின்மையாலேயே கற்பிக்க முயல்கிறது.