தலைவலி தரும் நெஞ்சுவலி மருந்து

மாடிப்படி ஏறுகையில் நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம். சற்று நின்றால் தணிவு. ஆங்கில மருத்துவர் ஹெபர்டென் 1768இல் விளக்கி, ‘ஆஞ்சைனா’ எனப் பெயரிட்ட நோய் இதுவே. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகிவிட, உழைப்பு மிகும்போது போதிய பிராணவாயு கிட்டாமல் அத்தசை எழுப்பும் முறையீடு அது.

இதற்கென நாவின் அடியில் வைக்கத் தரப்படும் சிறு மாத்திரை நைட்ரோகிளிசரின். டைனமைட் என்னும் வெடிமருந்தின் மூலப்பொருளும் அதுவே! (மாத்திரையில் உள்ளது மிகச் சிறிதளவே, அது வெடிக்காது, அஞ்ச வேண்டா.) 1847இல் இதனை முதன்முதல் ஆக்கிய இத்தாலியர் சொப்ரேரோ, நாவில் தொட்டுப் பார்த்துக் கண்டது கடுந்தலைவலி. 1879இல் இலண்டன் மருத்துவர் மர்ரெல் இதை நெஞ்சுவலிக்கு மருந்தென எழுதி வெளியிட்டார். டைனமைட்டால் பெருஞ்செல்வரான நோபெலுக்கே, இருதய நோய் கண்டபோது மருத்துவர் எழுதித் தந்தது இம்மருந்துதான்.

இது அடைப்பைக் கரைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர், அன்று. உடலில் இது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறி இரத்தக் குழாய்களைத் தளரச் செய்கிறது. சிரைகள் விரியவே, இருதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது; சுமை குறைகிறது; வலி தணிகிறது. அவ்வாயுவின் தொழிலைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபெல் பரிசே கிடைத்தது.

தலையிலுள்ள குழாய்களும் உடன் விரிவதால்தான் தலைவலி. இதை உணராமல், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரையை மூலையில் போட்டுவிடுவோர் உளர். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். தாங்க இயலாவிடின் மருத்துவரிடம் சொல்லலாம். இரத்த அழுத்தம் தாழ்வதால் மயக்கமும் வரக்கூடும். ஆகவே உட்கார்ந்துகொண்டே உட்கொள்ளல் வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு வழங்கும் சில்டெனாஃபில் போன்றவற்றோடு இது சேர்ந்தால் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியும். வெட்கத்தால் மருத்துவரிடம் மறைப்பது இங்கேதான் பெருங்கேடு.

வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்க்குத் திங்கட்கிழமைதோறும் தலைவலி வருமாம். வார நடுவில் உடல் பழகிவிடும். ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் நீங்கிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரைகளை மருத்துவர் நாள்தோறும் சில மணி நேரம் இடைவெளி விட்டு உண்ணச் சொல்வதும் இதனாலேயே.

ஜேம்ஸ் பிளாக் 1960களில் கண்ட புரோப்ரனோலால் வகையின் வழி வேறு: இருதயத் துடிப்பையே மெதுவாக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது; திடீரென நிறுத்தினால் வலி கடுமையாய்த் திரும்பவும் கூடும். அம்லோடிப்பினோ கணுக்காலை வீங்கச் செய்யும். அதைச் சிறுநீரக நோய் என்று அஞ்சி வருந்துவோரும் உண்டு.

மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில் காத்திராமல் ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. நைட்ரோகிளிசரின் ஆவியாகும் இயல்பினது. அழகிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றாமல், கடையில் தந்த கண்ணாடிக் குப்பியிலேயே இறுக மூடி வைத்தல் நன்று.