"பஸ்சுக்குக் காசு இல்லையா தம்பி?"

"ஊட்டிக்கா? சைக்கிள்லயா? ஏங்க, பஸ் ஸ்டிரைக்கா?" என்றாள் என் சகதர்மிணி.

நியாயமான கேள்விதான். முதல் மாடிக்கே லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கிற ஆசாமி நான். ஆனால், டாக்டர் போன மாசம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல நிக்குது சார். உள்ளே விடறதும் விடாததும் உங்க கையில" என்று சொல்லிவிட்டார். நான் அதை 'காலில்' என்று எடுத்துக்கொண்டேன்!

நீலகிரியில் கூட்டமாக சைக்கிள் விடுவது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற பல நாள் சைக்கிள் பயணம் 2008 டிசம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதெல்லாம் புலிகள் சமாசாரம். நாங்கள் ஆறு பேரும் கோயமுத்தூர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பூனைகள். பொங்கல் லீவில் மூன்று நாள், மேட்டுப்பாளையம் - கோத்தகிரி - ஊட்டி - குன்னூர் என்று அடக்கமாகத் திட்டம் போட்டோம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800. நடுவில் 33 கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்பதாகத் தெரிந்தது! முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று கியரை மாற்றினால் பெடல் லேசாகச் சுற்றும். சைக்கிள் மட்டும் நகராது. மூச்சு வாங்கி நின்றபோது, தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, பஸ்சுக்குக் காசு இல்லையா?" என்றார். குரலில் நிஜமான இரக்கம். அந்த ரோஷத்தில் மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஏறினேன் என்றால் பாருங்கள்!

கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் இந்தப் பக்கமாகத்தான் மலையேறி, கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். அவருக்குத் தார் ரோடு கிடையாது. எங்களுக்கு இருந்தும் புலம்பல்.

காட்டில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க வனத்துறை விடாது. அதனால் நண்பரின் தேயிலைத் தோட்டத்தில், அவர் வீட்டு வாசலிலேயே டென்ட். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே 'புஸ்... புஸ்...' என்று சத்தம். காட்டெருமை! "டார்ச் அடிக்காதீங்க, கத்தாதீங்க, அதும்பாட்டுக்குப் போயிடும்" என்று வாட்ச்மேன் சாயங்காலமே சொல்லியிருந்தார். கத்துவதற்கு எங்களிடம் குரல் இருந்தால்தானே!

மறுநாள் ஊட்டி. காலையில் டென்ட் மேல் உறைபனி, கையில் டீயும் வர்க்கியும். சொர்க்கம் சார்!

நரகம் மூன்றாம் நாள் வந்தது. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது ஜாலி என்று நினைத்திருந்தேன். குன்னூரிலிருந்து இறங்கும்போது பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். பிரேக் கட்டை தேயத் தேய ரிம் கொதிக்கும், டியூபில் காற்று விரியும் என்பது எனக்குத் தெரியாது. பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில்... டமார்! டியூப் வெடித்து, சைக்கிள் தாறுமாறாக இழுக்க, எதிரே பஸ். நல்லவேளை, மலைப் பக்கத்துச் சாக்கடையில் விழுந்தேன். இன்னொரு பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், கறுப்புக் கட்டம் போட்டு!

முழங்கை சிராய்ப்போடு ஓரமாக உட்கார்ந்தேன். என் பெண் முகம்தான் ஞாபகம் வந்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை. எங்கள் குழுவின் கடைக்குட்டி மட்டும் டியூபை மாற்றிக்கொண்டே, "விட்டு விட்டுப் பிடிக்கணும் சார். ரெண்டு பிரேக்கையும் சேர்த்து. நடுவுல நிறுத்தி ஆற விடணும்" என்றான். மேட்டுப்பாளையம் வரை அப்படியே வந்தேன்.

விட்டுப் பிடிப்பது, நடுநடுவே ஆற விடுவது... யோசித்துப் பார்த்தால் ஆபீஸுக்கும் அதேதான், வீட்டுக்கும் அதேதான்.

திங்கட்கிழமை லிஃப்ட்டுக்கு எதிரே வழக்கமான க்யூ. நான் மாடிப்படியில் ஏறினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன சார், லிஃப்ட் ரிப்பேரா?"