ஐந்து பேர் ஆட, நால்வர் கணக்கு: அமெரிக்கப் பள்ளி கோல்ஃப் போட்டிகள் நடக்கும் விதம்

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கோல்ஃப் தனி ஆள் ஆட்டம். ஒருவர் ஜெயிப்பார், கோப்பையைத் தூக்குவார், முடிந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், அதாவது நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, அதே ஆட்டத்தை அணியாக ஆடுகிறார்கள். ஆனால் அந்த அணியின் பிள்ளைகள் மைதானத்தில் சேர்ந்து நிற்பதே அபூர்வம். காலையில் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போனால், நான்கைந்து மணி நேரம் கழித்து ஸ்கோர் மேசையருகில்தான் மறுபடி சந்திப்பார்கள். அவர்களை அணியாக்குவது கூட்டல் கணக்கு.

டெக்சாஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் வழக்கம் இதுதான்: ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், அவர்களில் குறைந்த நான்கு ஸ்கோர்களைக் கூட்டினால் அணியின் ஸ்கோர். கலிஃபோர்னியாவில் ஆறு பேர் ஆடி ஐந்தைக் கூட்டுகிறார்கள். கோல்ஃபில் குறைவாக அடித்தவரே வென்றவர் என்பதால் கூட்டுத்தொகை குறைந்த அணிக்குக் கோப்பை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் அணியின் ஐவர் 71, 78, 84, 95, 99 என்று முடிக்கிறார்கள். 71 அடித்த பையன்தான் அன்றைய தனிநபர் சாம்பியன். இரண்டாவது அணியில் அப்படி ஒரு சூரனும் இல்லை: 80, 81, 82, 83, 88. நான்கு நான்காகக் கூட்டினால் முதல் அணிக்கு 328, இரண்டாவதற்கு 326. சூரன் பதக்கத்தோடு வீட்டுக்குப் போகிறான். கோப்பை மற்றவர்களின் பேருந்தில் ஏறுகிறது.

பள்ளிப் பயிற்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பவர் நான்காவது ஆட்டக்காரர்தான். 71 அடிப்பவன் அதை 70 ஆக்க ஒரு வருடம் உழைக்க வேண்டும். 95 அடிப்பவனுக்குக் குழியைச் சுற்றிய கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போடவும், மூன்று முறை பட் செய்யும் இடத்தில் இரண்டோடு நிறுத்தவும் சொல்லிக்கொடுத்தால் ஒரே சீசனில் எட்டு அடி மிச்சமாகும். அணிக்கு இரண்டும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்படும். ஐந்தாவது ஆளும் சும்மா இல்லை. இரண்டாவது அணியின் 81 அன்று வயிற்று வலியோடு ஆடி 97 ஆகியிருந்தால், அந்த 88 உள்ளே வந்து அணியைத் தாங்கும். பல மாநிலங்களில் அணிகள் சமமாக முடித்தால் ஐந்தாவது ஆளின் ஸ்கோரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

போட்டிகளில் இரண்டு ரகம். வாரநாள் மாலையில் பள்ளி விட்டதும் பக்கத்துப் பள்ளியோடு ஒன்பது குழிக்கு மோதுவது ஒன்று. இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். பல பள்ளிகள் கூடும் பதினெட்டுக் குழிப் போட்டி இன்னொன்று. அதற்குப் பெரும்பாலும் ஒரு நாள் வகுப்பையே விட வேண்டியிருக்கும். நூறு பிள்ளைகளை ஒரே இடத்திலிருந்து வரிசையாக அனுப்பினால் சாயங்காலமாகிவிடும். எனவே ஒவ்வொரு குழியிலும் ஒரு குழுவை நிறுத்தி, சங்கு ஊதியதும் மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஷாட்கன் ஸ்டார்ட் என்று பெயர். சிலருக்கு முதல் குழி பதினான்காம் குழியாக அமையும். பையைத் தோளில் மாட்டியோ தள்ளுவண்டியில் வைத்தோ நடந்தே ஆட வேண்டும் என்பது பரவலான விதி. தூக்கிவர கேடி கிடையாது. சீசனும் ஊருக்கு ஊர் மாறும். ஒஹையோ, இல்லினாய் போன்ற குளிர் மாநிலங்களில் பனி விழும் முன் இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவார்கள். டெக்சாஸில் வசந்த காலம். மாநில இறுதிப் போட்டி இரண்டு நாள், 36 குழி.

ஒரே அணிக்காரர்கள் சேர்ந்து ஆடுவதில்லை என்றேன். இந்தப் பள்ளியின் முதல் ஆள், அந்தப் பள்ளியின் முதல் ஆள், இன்னொரு பள்ளியின் முதல் ஆள் என்று ஒரே தரத்தவரைக் குழுவாக்குவார்கள். டீயில், அதாவது குழியின் தொடக்க இடத்தில், கைகுலுக்கியதும் முதல் வேலை, பந்தை அடையாளம் சொல்வது. "டைட்லிஸ்ட் மூன்று, ரெண்டு சிவப்புப் புள்ளி" என்று ஒருவர் சொல்லிக் காட்ட, மற்றவர்கள் தங்கள் பந்தைக் காட்டுவார்கள். முதலில் வருவது பந்தின் பிராண்டும் அதில் அச்சிட்ட எண்ணும்; புள்ளியை மார்க்கர் பேனாவால் இவர்களே வைத்திருப்பார்கள். இது வெறும் சடங்கல்ல. அடுத்தவர் பந்தைத் தவறி அடித்தால் இரண்டு அடி தண்டனை, அதைச் சரிசெய்யாமல் அடுத்த குழியில் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால் தகுதி நீக்கம்.

அடுத்து அட்டை மாற்றல். உங்கள் ஸ்கோரை எதிரணிப் பிள்ளை எழுதுவார், அவருடையதை நீங்கள் எழுதுவீர்கள். எனக்குத் தெரிந்து பள்ளி விளையாட்டுகளில் இப்படி ஓர் ஏற்பாடு வேறு எதிலும் இல்லை. கூடைப்பந்தில் விசில் ஊத ஆள் உண்டு, கிரிக்கெட்டில் அம்பயர் உண்டு. இங்கே நூறு ஏக்கருக்கு மேல் விரிந்த மைதானத்தில் நடுவர் எங்கோ ஒரு மூலையில் இருப்பார். புதருக்குள் பந்து அசைந்ததா இல்லையா என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் அவள் மனசாட்சிக்கும் மட்டுமே தெரியும். 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் யாரும் பார்க்காத அசைவுக்குத் தனக்குத்தானே ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார்; சமநிலையில் முடிந்த அந்தப் போட்டியை பிளே-ஆஃபில் வில்லி மக்ஃபார்லேனிடம் இழந்தார்.

ஆட்டம் முடிந்ததும் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு குழியின் எண்ணையும் வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். விதி கறாரானது. ஒரு குழியில் உண்மையைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்றில் முடித்தார். அவர் அட்டையை எழுதிய டாமி ஆரன் நான்கு என்று போட்டுவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட, 65 ஆக வேண்டியது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமமாகியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருக்கு 45-வது பிறந்தநாள் வேறு. பள்ளிப் போட்டியில் அட்டையில் பிழை நேர்ந்தால் அடி ஒருவருக்கு மட்டும் விழாது. குறைத்து எழுதிய அட்டையால் ஒருவர் தகுதி நீக்கப்பட்டால் ஐந்தாவது ஆளின் 99 கூட்டலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விதியில் சந்தேகம் வந்து பக்கத்தில் கேட்க ஆள் இல்லையென்றால்? இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. "இரண்டு பந்து ஆடப்போகிறேன், இந்தப் பந்துதான் என் கணக்கு" என்று குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்தக் குழியை இரண்டு பந்தாலும் முடிக்கலாம். அட்டையைக் கொடுக்கும் முன் போட்டிக் குழுவிடம் நடந்ததைச் சொன்னால், எது செல்லும் என்று அவர்கள் தீர்ப்பார்கள்.

பெற்றோருக்கு இந்த ஆட்டம் சோதனைதான். வண்டிப் பாதையோரம் நடக்கலாம், கைதட்டலாம். எந்த மட்டையை எடுப்பது என்று வாய் திறந்தால் பிள்ளைக்குத்தான் தண்டனை விழலாம். பயிற்சியாளருக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. சில மாநிலங்களில் ஒரு குழியை முடித்து அடுத்த டீக்கு நடக்கும் இடைவெளியில்தான் பேசலாம். வேறு சிலவற்றில் கிரீனில் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கருணை காட்டும் ஏற்பாடு 2019-ல் விதிப்புத்தகத்திலேயே ஏறியது. ஒரு குழிக்கு இவ்வளவுதான் உச்சவரம்பு, உதாரணமாக பாரின் (குழிக்கென வகுத்த அடிகளின்) இரண்டு மடங்கு, என்று போட்டிக் குழு வைத்துக்கொள்ளலாம். பார் நான்கு குழியில் எட்டைத் தொட்டதும் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். தொலைந்த பந்தைத் தேடும் நேரமும் அதே ஆண்டில் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. பின்னால் காத்திருக்கும் குழுக்கள் இதற்காகவே நன்றி சொல்லும்.

எல்லா விதியும் இவ்வளவு நியாயமானதல்ல. மாசசூசெட்ஸில் பெண்கள் சீசன் வசந்த காலத்தில். பெண்கள் அணி இல்லாத பள்ளியின் மாணவிகள் இலையுதிர் காலத்தில் பையன்களின் அணியில் ஆடலாம். 2017-ல் அப்படி ஆடிய ஒரு மாணவி மத்திய மாசசூசெட்ஸ் போட்டியில் பையன்களின் அதே டீயிலிருந்து அடித்து, 75 என்ற ஸ்கோரில், நான்கு அடி வித்தியாசத்தில் முதலிடம் வந்தார். ஸ்கோர் அணிக்குச் செல்லும், தனிநபர் கோப்பை மட்டும் பெண்ணுக்குக் கிடையாது என்பது அப்போதைய விதி. கோப்பை இரண்டாவதாக வந்த பையன் கைக்குப் போனது. அவனே அதை அவளிடம் நீட்டினான். விதி எழுதியவர்களைவிட அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விதிப்படி பையில் அதிகபட்சம் பதினான்கு மட்டைகள் இருக்கலாம். அவற்றை வாங்குவதற்கும், மைதானக் கட்டணத்துக்கும், தனிப் பயிற்சிக்கும் ஆகும் செலவு எல்லா வீட்டுக்கும் தாங்காது. பள்ளி அணியில் சேர்ந்தால் பயிற்சிக்கும் போட்டிக்கும் மைதானம் கிடைக்கிறது என்பதே பலருக்குப் பெரிய வாய்ப்பு. கலிஃபோர்னியாவில் தொடங்கிய யூத் ஆன் கோர்ஸ் என்ற அமைப்பு, உறுப்பினரான பிள்ளைகள் ஐந்து டாலருக்குள் ஒரு ஆட்டம் ஆட வழி செய்கிறது.

கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா என்பதுதான் அங்குள்ள நம் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி. தொழில்முறை நட்சத்திரங்களான ஸ்காட்டி ஷெஃப்லரும் ஜோர்டன் ஸ்பீத்தும் டல்லஸ் பள்ளிகளுக்கு ஆடி ஆளுக்கு மூன்று முறை டெக்சாஸ் மாநில சாம்பியன் ஆனவர்கள்தான். இருவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். ஆனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது பள்ளி ஸ்கோரை அல்ல. 1978-ல் தொடங்கிய ஏஜேஜிஏ (அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கம்) நடத்துவது போன்ற தேசிய ஜூனியர் போட்டிகளில், நீளமான மைதானங்களில், வெளி மாநில ஆட்டக்காரர்களுக்கு எதிரே பிள்ளை என்ன அடிக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். முதல்தரக் கல்லூரி அணிகளில் இடமும் கொஞ்சம்தான். உதவித்தொகையை மட்டும் குறிவைப்பவர்கள் கோடை விடுமுறையை அந்தப் போட்டிகளுக்கு ஒதுக்கிவிட்டு, பள்ளி சீசனைப் பள்ளிக்காக ஆடலாம்.