ஒற்றையடிப் பாதையும் ஒரு கட்டடமும்

விளையாட்டுத் திடலிலோ வயல்வெளியிலோ முறையாக அமைத்த வழி ஒன்றிருக்க, மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை வேறொன்று குறுக்கே செல்வதைப் பலரும் கண்டிருப்பர். காலடி படப்படப் புல் தேய்ந்து, மண் இறுகி அப்பாதை தானே உருவாகிறது. அதனை மறித்து வேலியிடுவோரே மிகுதி. அத்தகைய பாதைகளை அடிப்படையாகக் கொண்டே ஒரு பல்கலைக்கழக மாணவர் மையம் வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவின் சிகாகோ நகரில், இலினாய் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் அமைந்துள்ள மக்கார்மிக் டிரிபியூன் வளாக மையமே அது.

அவ்வளாகத்தைத் திட்டமிட்டவர் ஜெர்மனியிலிருந்து 1938இல் அங்குச் சென்று கட்டடக் கலைத்துறைக்குத் தலைமையேற்ற மீஸ் வான் டெர் ரோ. நிலம் முழுவதையும் 24 அடிச் சதுரக் கட்டங்களாகப் பகுத்து, எஃகும் கண்ணாடியும் செங்கல்லும் கொண்டு நேர்கோட்டு ஒழுங்குடன் கட்டடங்களை அவர் எழுப்பினார். ஆயினும் உயர்த்தப்பட்ட இருப்புப் பாதை ஒன்று வளாகத்தின் ஊடே சென்றது. அதன் மேற்கே வகுப்பறைகள். கிழக்கே மாணவர் விடுதிகள். இரண்டிற்கும் இடையே, தொடர்வண்டியின் பேரிரைச்சலுக்குக் கீழே கிடந்த நிலத்தை மாணவர்கள் விரைந்து கடந்தனரேயன்றி அங்கு நின்று பேசியவர் அரியர்.

பிரிந்து கிடந்த இரு பகுதிகளையும் இணைக்கும் மாணவர் மையம் ஒன்றை அமைக்க விரும்பிய கழகம், பன்னாட்டுக் கட்டடக் கலைஞர்களிடையே போட்டி நடத்தியது. 1998இல் நெதர்லாந்து நாட்டவரான ரெம் கூல்ஹாஸின் திட்டம் தேர்வு பெற்றது. அவர் கட்டடக் கலைஞராவதற்கு முன் இதழாளராகப் பணியாற்றியவர். கட்டடம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கு முன், மாணவர்கள் எவ்வழியே நடக்கின்றனர் என்று அவர் ஆராய்ந்ததற்கு அப்பழக்கமும் காரணமாகலாம். விடுதியிலிருந்து வகுப்பறைக்கும் உணவுக்கூடத்திற்கும் அவர்கள் குறுக்காகச் சென்ற தடங்கள் வரைபடத்தில் கோடுகளாயின. அக்கோடுகளே கட்டடத்தின் உள்வழிகளாயின. கோடுகளுக்கு இடைப்பட்ட இடங்கள் புத்தகக்கடை, அஞ்சலகம், அரங்கம், சிற்றுண்டி அருந்துமிடம் என அமைந்தன. வகுப்பிற்குச் செல்லும் மாணவர் தம் வழியை மாற்றாமலே மையத்திற்குள் நுழைந்து வெளியேறலாம். மாணவரை அழைத்து வர அறிவிப்புப் பலகை வைப்பதினும் இது நல்ல வழி.

எஞ்சியது இரைச்சல். இருப்புப் பாதையை அகற்ற இயலாது. கட்டடமோ அதன் கீழேயே அமைய வேண்டும். எனவே பாதையின் 530 அடி நீளத்தை நீள்வட்ட வடிவக் குழாய் ஒன்றினுள் அடக்கினர். கற்காரையாலான அக்குழாயின் புறத்தே துருப்பிடிக்காத எஃகுத் தகடு போர்த்தப்பட்டது. குழாயின் பாரத்தைத் தாங்கும் தூண்கள் கட்டடத்தின் தூண்களோடு இணைக்கப்படவில்லை. இணைத்திருப்பின் தொடர்வண்டி செல்லுந்தோறும் அதன் அதிர்வு தரைக்கும் சுவருக்கும் பரவியிருக்கும். குழாய்க்குக் கீழே மட்டும் கூரை உள்நோக்கித் தாழ்ந்து வளைந்திருப்பதை உள்ளே நிற்போர் காணலாம்.

திட்டத்திற்கு எதிர்ப்பும் எழுந்தது. மீஸ் 1953இல் கட்டிய காமன்ஸ் என்னும் பொதுக்கூடம் புதிய மையத்தோடு இணைக்கப்பட இருந்தது. தனித்து நின்று நாற்புறமும் காணத்தக்கதாக அமைந்த கூடம் அதன் தன்மையை இழந்துவிடும் என்று பழங்கட்டடங்களைக் காக்க முனைந்தோர் வாதிட்டனர். அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று, ஒரு கட்டடத்தை இடித்தால்தான் அழிவு என்பதில்லை, சூழலை மாற்றினும் அது வேறொன்றாகிவிடும். மறுபுறம், பயன்குறைந்து நின்ற கூடத்திற்கு மாணவர் நடமாட்டமே உயிர் தரும் என்றனர் திட்டத்தை ஆதரித்தோர். முடிவில் கூடம் இடிக்கப்படாமல் மையத்தின் ஒரு பகுதியாக நிலைபெற்றது.

மையம் 2003இல் திறக்கப்பட்டது. அதன் வாயிற் கண்ணாடியில், சிறுசிறு குறியுருவங்களால் ஆன மீஸின் பெரிய முகம் அமைந்துள்ளது. அவர் வகுத்த நேர்கோடுகளிலிருந்து விலகிச் செல்லும் வழிகளில் நடக்க, மாணவர்கள் அம்முகத்தைக் கடந்தே உள்ளே செல்கின்றனர்.